தோலுரிப்பு: சில குறிப்புகளும் ஒரு சண்டையும்

சில மாதங்களுக்கு முன் ஆம்பூரில் எங்கள் படிப்பு வட்டம். அன்றைக்கு எடுத்துக்கொண்டது ‘சாதி ஒழிப்பு’. 1936-இல் லாகூரில் பேசுவதற்காக அம்பேத்கர் எழுதி, கூட்டம் நடத்தியவர்களே பயந்து பின்வாங்கியதால் பேசப்படாமலே போய், அவர் தன் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்ட உரை. இரண்டு மணி நேரம் நல்ல விவாதம். முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பி.காம். கடைசி வருஷம் படிக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். இந்த கெமிக்கல் பீல்னு சொல்றாங்களே... அதை வீட்லயே பண்ணிக்கலாமா, இல்ல டாக்டர்கிட்டதான் போவணுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். “ரெண்டு மணி நேரம் சாதி ஒழிப்பு பேசிட்டு, கடைசில மூஞ்சியை உரிக்கறதுல வந்து நிக்குது பாருங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவை எடுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கட்டுரை. தோழர் கோபித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு ராத்திரி அவரோடு போட்ட சண்டையில் பாதிதான் பேச முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண் ஏன் கேட்டாள் என்பது. வேலூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குப் போயிருக்கிறாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். நேர்காணலில் இருந்தவர், முன்பக்க மேசைக்கு ‘ப்ளசன்ட்டா’ இருக்கிற ஆள்தான் வேண்டும், உனக்குப் பின்னால் கணக்குப் பிரிவில் இடம் வந்தால் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளைக்குக் கன்னம் பூராவும் பரு வந்து போன கறைகள். நிறம் நம்ம நிறம். ‘ப்ளசன்ட்’ என்றால் என்ன என்று எந்த அகராதியிலும் பார்க்க வேண்டியதில்லை. சாதி கேட்டால் சட்டம் பாயும். நிறம் கேட்டால் எந்தச் சட்டம் பாயும்?

அவள் என்னிடம் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். “அக்கா, அந்தப் புஸ்தகத்துல அண்ணல் சொல்றாரு, சாதிங்கறது இனப் பிரிவு இல்ல, பஞ்சாப் பிராமணனும் பஞ்சாப் சமாரும் ஒரே வம்சந்தான், சென்னையில இருக்கறவங்களும் அப்படித்தான்னு. அப்ப தோலைப் பாத்து எப்படிக்கா கண்டுபிடிக்கறாங்க?”

கண்டுபிடிக்கவில்லை, கண்ணு. கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். கரிக்கட்டை மாதிரி கறுத்த ஆதிக்க சாதிக்காரன் ஊருக்கு ஊர் இருக்கிறான். அவனை யாரும் முன்பக்க மேசையிலிருந்து எழுப்புவதில்லை. சிவந்த சேரிப் பெண்ணைப் பார்த்தால், “உங்க ஆளுங்க மாதிரியே தெரியலையே” என்று பாராட்டுவான். திட்டுவதைவிட அந்தப் பாராட்டு மோசம். நிறம் சாதிக்குச் சாட்சி சொல்லாது. ஆனால் சாதி, தனக்கு வேண்டியபோதெல்லாம் நிறத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிக்கொள்ளும்.

இந்தத் ‘தோலுரிப்பு’ என்ற வார்த்தை எனக்கு அழகு நிலையத்தில் அறிமுகமானதல்ல. என் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு ஊறவைப்பார்கள். அதில் கை விட்டுப் புரட்டுகிறவன், தொட்டிக்குள் இறங்குகிறவன் யார் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுத் தோலின் மயிரைக் கரைக்கிற சரக்குக்கு மனுஷத் தோல் எம்மாத்திரம்? அப்பாவின் விரல் இடுக்குகள் வெந்து, வெள்ளையாகி, வெங்காயச் சருகு மாதிரி உரியும். அதற்கப்புறம் குரோம் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அரிப்பும் புண்ணும். ராத்திரி சோறு பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிடுவார். பாலாறு கெட்டதற்கு உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996-இல் தீர்ப்பு வந்தது. அப்பாவின் கைக்கு எந்த வழக்கும் இல்லை. புண் ஆறின இடமெல்லாம் முன்னைவிடக் கறுத்துப்போய்க் கிடந்தது.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பீல் விஷயத்தில் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதில் இருக்கிறது.

கெமிக்கல் பீல் என்றால் என்ன? அளவு பார்த்துச் சுடுவது. அவ்வளவுதான். ஒரு அமிலத்தைத் தோலின்மேல் தடவி, மேலடுக்கைத் தளரவைத்து அல்லது வேகவைத்து உரித்துவிட்டால், அடியிலிருந்து புதுத் தோல் வரும். புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஐரோப்பாவில் தோல் மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். 1882-இல் உன்னா என்ற ஜெர்மானியர் சாலிசிலிக் அமிலம், பீனால், ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம் இவற்றைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கரும்போடு சம்பந்தப்பட்டது கிளைகாலிக் அமிலம். புளித்த தயிரில் இருப்பது லாக்டிக் அமிலம். நம்ம வீட்டில் கடலைமாவில் தயிர் கலந்து முகத்தில் அப்பிக்கொள்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தந்தான். சொந்தம் என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது. மோரும் ஆசிட்டும் ஒன்றா?

எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் கணக்கு. மேலோட்டமாக, செத்த தோலை மட்டும் எடுப்பது ஒன்று. ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தை 35 சதவீதம் வரை வைத்து மேல்தோலைத் தாண்டி இறங்குவது இன்னொன்று. பீனால் போடுவது மூன்றாவது. அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும். இதயத்தைக் கண்காணிக்கும் கருவி வைத்துக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். நம் நிறத்துக்குப் பீனால் பக்கமே போகக்கூடாது.

புட்டியின்மேல் எழுதியிருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். சதவீதம் பாதிக் கணக்கு. புளிப்பின் அளவு, அதாவது பி.எச்., மீதிக் கணக்கு. பி.எச். குறையக் குறைய அமிலம் உக்கிரமாகும். 10 சதவீதம் என்று போட்ட இரண்டு புட்டிகளில் ஒன்று சாது, இன்னொன்று கடிக்கும். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் அழகுப் பொருள்களை ஆராய்ந்த நிபுணர் குழு, ஜனங்கள் தாங்களே தடவிக்கொள்ளும் பொருளில் கிளைகாலிக், லாக்டிக் வகை அமிலம் 10 சதவீதத்துக்குமேல் போகக்கூடாது, பி.எச். 3.5-க்குக் கீழே இறங்கக்கூடாது, வெயிலிலிருந்து காப்பும் வேண்டும் என்று சொன்னது. பயிற்சி பெற்றவர்கள் அழகு நிலையத்தில் சிறிது நேரம் வைத்துக் கழுவிவிடுவதற்கு 30 சதவீதம், பி.எச். 3. அதற்குமேல் மருத்துவர் கைக்குத்தான். ஆனால் இன்றைக்குச் செல்போனைத் தட்டினால் 30 சதவீதப் புட்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. அதற்குமேலும் வருகிறது. 2024 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், இந்த மாதிரி உக்கிரமான பீல் புட்டிகளை மருத்துவ மேற்பார்வை இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், வெந்துபோகும் என்று எச்சரித்தது.

எங்கள் தெருவிலேயே ஒரு பெண். நர்சிங் படிக்கிறாள். விடுதியில் நான்கு பேர் காசு போட்டு வாங்கின சிவப்புத் தண்ணீர்ப் புட்டி. பத்து நிமிஷத்துக்குமேல் வைக்காதே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. செல்போனில் படம் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் விட்டுவிட்டாள். ராத்திரி எரிச்சல். காலையில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாள். ஒரு வாரத்தில் இரண்டு கன்னத்திலும் காபி கொட்டின மாதிரி கறை. எட்டு மாதம் ஆயிற்று அது மங்க. அந்த எட்டு மாதத்தில் வகுப்புக்குப் போனதைவிடப் போகாத நாள் அதிகம். மற்ற மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இந்தப் புட்டிகளின் மோசடி. ஒருத்திக்கு ஒத்துக்கொண்டது இன்னொருத்திக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்பவைத்துவிடும்.

அப்பாவின் கை இங்கேதான் வருகிறது. கறுத்த தோலில் எங்கே எரிச்சலோ புண்ணோ வந்தாலும், ஆறும்போது நிறமி அதிகமாகச் சுரந்து கறையாக நின்றுவிடும். வெள்ளைத் தோலில் சிவந்து மறைவது நம் தோலில் கறுத்துத் தங்கும். அதாவது வெளுப்பதற்காகச் செய்கிற காரியமே நம்மை இன்னும் கறுக்க வைக்கும். தொழில் தெரியாதவன் கையில் பீல் போனால் நமக்குத்தான் முதல் ஆபத்து. தோல் மருத்துவத்தில் இன்றைக்கும் புழங்குகிற நிற அளவுகோல் ஒன்றை ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1975-இல் வகுத்தார். வெள்ளைத் தோல் வெயிலில் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதற்காக வந்த அளவுகோல் அது. பழுப்புக்கும் கறுப்புக்குமான ஐந்தாம் ஆறாம் எண்கள் பிறகுதான் சேர்க்கப்பட்டன. அளவுகோலில்கூட நமக்குப் பந்தியில் கடைசி இலைதான். தற்செயல்தான், அதே 1975-இல்தான் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ இந்தியக் கடைகளுக்கு வந்தது. 45 வருஷம் நம் வீட்டுப் பெண்களின் சம்பாத்தியத்தை உறிஞ்சிவிட்டு, அமெரிக்காவில் கறுப்பர் உயிருக்காகத் தெருவில் இறங்கிய 2020-இல் பெயரை மட்டும் ‘க்ளோ’ என்று மாற்றிக்கொண்டது. களிம்புக்குப் பெயர்மாற்றம் சுலபம்.

சரி, வீட்டில் செய்வது ஆபத்து என்றால் ‘தொழில்முறை’யாகச் செய்கிறவர்களிடம் போகலாமே? இங்கேதான் என் சண்டை வேறு பக்கம் திரும்புகிறது. ‘புரொபஷனல்’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் இரண்டு மூன்று பேரை ஒளித்துவைத்திருக்கிறார்கள். தெருமுனை பியூட்டி பார்லரும் ‘புரொபஷனல் பீல்’ என்றுதான் போர்டு வைத்திருக்கிறது. ‘ஃப்ரூட் பீல்’ என்று அங்கே தடவுகிற புட்டியில் என்ன இருக்கிறது என்று தடவுகிற பெண்ணுக்கே தெரியாது. அவளைக் குறை சொல்லவில்லை. அவளும் நம்ம பெண்தான், மாதச் சம்பளத்துக்கு நாள் பூராவும் நின்றுகொண்டு வேலை செய்கிறவள். இன்னொரு பக்கம், சில மாதப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்து ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள். தோல் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் தோல்நோய்க்கென்று எம்.டி.யோ பட்டயமோ படித்தவர். சுவரில் மாட்டியிருப்பதைப் படித்துவிட்டு உட்காருங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், கூச்சப்படுகிறவர்களைத்தான் ஏமாற்றுவார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நான் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். குளிர்சாதன அறை, கண்ணாடி மேசை, அதன்பின்னால் ‘ப்ளசன்ட்’டான ஒரு பெண். மருத்துவரைப் பார்க்கும் முன்பே விலைப்பட்டியல் வந்துவிட்டது. ஆறு முறை சேர்த்து எடுத்தால் சலுகை. ஒரு முறைக்கு ஆகிற காசு இவள் அம்மா ஷூ கம்பெனியில் வாரக்கணக்கில் தைத்துச் சம்பாதிப்பது. மருத்துவர் இரண்டு நிமிஷம் பார்த்தார். “மேரேஜா? டேட் எப்போ?” என்றார். கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அவர் கேட்டிருக்க வேண்டியவை எத்தனையோ. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறாயா? ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா? உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருமா? அடிபட்டால் தழும்பு தடித்துப் பெருக்குமா? கர்ப்பமா? முகத்துக்கு என்ன களிம்பு போடுகிறாய்? நம் நிறத்துக்குப் பீல் செய்வதென்றால் முந்தின இரண்டு மூன்று வாரமாவது வெயில் தடுப்புக் களிம்பும் தோலைத் தயார்படுத்தும் மருந்தும் கொடுத்துப் பழக்க வேண்டும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். கிளைகாலிக் என்றால் குறைந்த அளவில் ஆரம்பித்து, நிமிஷக் கணக்குப் பார்த்து, சோடா உப்புக் கரைசலால் அமிலத்தை முறிக்க வேண்டும். சாலிசிலிக் வேறு மாதிரி. வெள்ளையாகப் பூத்துத் தானே நின்றுவிடும். இதெல்லாம் தெரிந்த கை வேண்டும் என்பதற்காகத்தான் மருத்துவரிடம் போகச் சொல்வது. ‘மேரேஜ் டேட்’ கேட்பதற்கு மருத்துவர் எதற்கு?

களிம்பைப் பற்றிக் கேட்காததுதான் எனக்கு அதிகம் உறைத்தது. ஏனென்றால் வெளியே வந்ததும் அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு ட்யூப் எடுத்துக் காட்டினாள். மருந்துக்கடையில் அவராகவே கொடுத்தாராம், ஒன்றரை வருஷமாகப் போடுகிறாளாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், பரு பொங்கும், நிறுத்தினால் தீயாய் எரியும். மறுபடி அதையே தடவச் சொல்லும். கள்ளுக்கடை மாதிரி. இதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி தில்லியில் இருக்கிறது, ட்யூப் ஆம்பூர் மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. இப்படி மெலிந்துபோன தோலின்மேல் அமிலம் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலோ கிளினிக்கிலோ, எங்கே பட்டாலும் ஒன்றுதான்.

பிறகு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல்நோய்ப் பிரிவு. சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, பெஞ்சில் உட்கார்ந்து, மதியம் ஆகிவிட்டது. ஒரு பெண் மருத்துவர். பயிற்சி மாணவர்கள் சுற்றி நிற்க, அந்தப் பிள்ளை முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களிம்பைக் காட்டச் சொன்னார். கோபித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “இப்ப எந்த பீலும் வேணாம்மா. முதல்ல இந்தக் களிம்ப நிறுத்தணும், நான் சொல்றபடி. பரு அடங்கணும். கறை தானாவே பாதி மங்கும். வெயில் களிம்பு தெனமும் போடு. ஆறு மாசம் கழிச்சும் கறை இருந்தா அப்ப பாக்கலாம், லேசா.” பள்ளமான தழும்பு இரண்டு மூன்றைத் தொட்டுக் காட்டி, “இது மேலோட்டமான பீலுக்குப் போகாது, யாராவது போகும்னு சொன்னா நம்பாதே” என்றார். மருந்து அங்கேயே இலவசம். வெயில் களிம்பு மட்டும் வெளியே வாங்க வேண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் பீல் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பீல் தேவையா இல்லையா என்று காசு எதிர்பார்க்காமல் சொல்லக்கூடிய ஒரு ஆள் அங்கேதான் இருந்தார்.

ஆக, ‘வீட்டிலா, கிளினிக்கிலா’ என்ற கேள்வியை நம் பிள்ளைகள் முன்னால் வைத்து, இது உன் ‘சாய்ஸ்’ என்கிறார்களே, அதில் தேர்வு எங்கே இருக்கிறது? காசு இருப்பவளுக்குக் கிளினிக். இல்லாதவளுக்குப் புட்டி. புட்டிக்கும் இல்லாதவளுக்கு மெடிக்கல் ஷாப் ட்யூப்.

இருந்தாலும் அவள் கேட்டது நேரான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். பருக் கறை லேசாக இருக்கிறது, தோல் சொரசொரப்பாக இருக்கிறது என்றால், 10 சதவீதத்துக்குள் இருக்கிற லாக்டிக் அமிலமோ, 2 சதவீத சாலிசிலிக் அமிலமோ வாரம் ஒன்றிரண்டு முறை வீட்டில் போட்டுப் பார்ப்பதில் பெரிய குற்றமில்லை. முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு, ராத்திரியில், ஒரே நேரத்தில் இரண்டு சரக்கைக் கலக்காமல். காலையில் வெயில் களிம்பு இல்லாமல் வெளியே போவதாக இருந்தால் அதுவும் வேண்டாம். ‘பீல்’ என்று பெயர் போட்டு 20, 30 சதவீதத்தில் வருவதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம் எந்தச் சதவீதத்திலும் வேண்டாம். அதற்குமேல் வேண்டுமென்றால் தோல் மருத்துவர், அதுவும் கேள்வி கேட்கிற தோல் மருத்துவர்.

நிறம் மாற வேண்டும் என்பதற்காகக் கேட்கிறாய் என்றால் வீடும் வேண்டாம், கிளினிக்கும் வேண்டாம். நடக்காது. நிறமியைச் செய்கிற செல்கள் மேல்தோலின் அடித்தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்கிற நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். அம்பேத்கர் வம்சத்தைப் பற்றிச் சொன்னது மாதிரியே இருக்கிறது, இல்லையா? மேலே எத்தனை முறை உரித்தாலும் அடியில் இருக்கிறவை பிறந்த நாளிலிருந்து செய்த வேலையையே செய்யும்.

இப்போது சிரித்த தோழருக்கு.

நீங்கள் சொன்னது: இது போலிப் பிரக்ஞை, ஆதிக்க அழகியலை உள்வாங்கிக்கொண்ட மனசு, ‘கறுப்பே அழகு’ என்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் கறுப்பைச் சட்டையில் போட்டுக்கொள்கிறவன் ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். தோலில் போட்டுக்கொண்டு பிறந்த பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. நம் இயக்கத்தில் கலப்பு மணம் செய்துகொண்ட ஆண் தோழர்களை எண்ணிப் பார்த்தேன். தன்னைவிடக் கறுத்த பெண்ணைத் தேடிப்போய்க் கட்டியவரை எண்ண ஒரு கை விரல் போதும். நம் மேடையில் கவிதை வாசிக்கிற தம்பிகள் கறுப்பைப் பாடுகிறார்கள். பெண் பார்க்கும்போது அம்மா பெயரில் ‘மாநிறமா இருந்தா பரவாயில்ல’ என்கிறார்கள். நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. 1994-இல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பவுடரையும் கிரீமையும் குழைத்து முகத்தில் பூசுகிற அந்த அம்மோனியா நாற்றம் பிடித்த ப்ளீச்சை நானும் போட்டுக்கொண்டேன். மேலுதடு வெந்துபோனது. அந்த வருஷம்தான் அம்பேத்கர் நூற்தொகுதியை வாங்கிப் படிக்கவும் ஆரம்பித்தேன். இரண்டும் ஒரே ஆள்தான் செய்தேன். அப்போது யாராவது என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால், ப்ளீச்சை விட்டிருக்க மாட்டேன், கூட்டத்தை விட்டிருப்பேன்.

அந்தப் பெண் கேட்டது ஒரு தகவல். பாதுகாப்பாக எப்படிச் செய்வது என்று. புட்டி விற்கிறவனிடம் கேட்கவில்லை, நம்மிடம் வந்து கேட்டாள். நமக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, அதனால் சிரித்தோம். முன்பக்க மேசை மறுத்த அந்த நேர்காணல்காரனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவன்மீது ஒரு புகார் எழுத வேண்டும் என்றுகூட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். இப்போது எழுதியிருக்கிறோம். எந்தப் பிரிவில் வரும் என்று வழக்கறிஞர் தோழர்கள் இருவர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

களிம்பை நிறுத்தின முதல் மூன்று வாரம் அவள் முகம் முன்னைவிட மோசமாகச் சிவந்து எரிந்தது. இப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டாள். அந்த முகத்தோடுதான் இன்னொரு நேர்காணலுக்கும் போய்வந்தாள். பதில் வரவில்லை. அடுத்த மாதப் படிப்பு வட்டத்துக்கு அந்த மருத்துவரையே கூப்பிட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். சிரித்த தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பிளஸ் டூ படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு. அவள் அலமாரியிலும் ஒரு ட்யூப் இருந்ததாம்.